இடது பக்கத்து றெக்கை

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடி. மூஞ்சியில ஒட்டாத" என்றாள் அம்மா.

மகள் இரண்டடி பின்னால் போனாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அந்தப் பெரிய படத்தை இரு கைகளாலும் நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடமாகிறது. தோள்பட்டை விட்டுப்போயிற்று. அம்மா கண்ணை எடுப்பதாக இல்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், வலது கையில் ஊசி, வீங்கிப்போன கால்கள். இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கண்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தன.

காலை எட்டு மணிக்கு டாக்டர் மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயம் இனிமேல் தாங்காது, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லியிருந்தார். அம்மாவை யாரும் வராந்தாவுக்குக் கூப்பிடவில்லை. ஆனாலும் மகள் உள்ளே திரும்பி வந்ததும் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தப் படத்தை எடு" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

"போதும். இப்ப நீ உன் பக்கம் திருப்பிப் பாரு. என்ன இருக்கு, சொல்லு."

"எனக்கென்னம்மா தெரியும் இதைப் பத்தி?"

"அதுக்குத்தான் உன்னைக் கேக்குறேன். எல்லாம் தெரிஞ்சவங்க மூணு பேர் பாத்தாச்சு."

மகள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கறுப்புப் பின்னணி. நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ.

"நடுவுல ஒரு டப்பா. வலது பக்கம் ஏணி மாதிரி ஒண்ணு. அது நல்லாவே இருக்கு. இடது பக்கம்..."

"ம், இடது பக்கம்?"

"அழிரப்பர் வெச்சுத் தேச்ச மாதிரி இருக்கும்மா."

"றெக்கை இல்லையா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். என்கிட்ட கேட்டா எப்படி?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "போச்சு" என்றாள். பிறகு, "கருணை மார்க்கு போட்டுட்டேன்டி" என்றாள்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொன்னபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல் இதுவரை கேலியாக மட்டுமே வந்திருக்கிறது, அதுவும் மகளைப் பார்த்து. மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "உன் கிளாஸ் பிள்ளைங்க குடுத்து வெச்சவங்க. வெறும் பேப்பரை மடிச்சுக் குடுத்தாலும் பாஸ்" என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா யாருக்கும் எதற்கும் கருணை காட்டியதில்லை. மகள் ஆறு வயதில் வரைந்து கொண்டுபோய் நீட்டிய பூனைக்குப் பத்துக்கு ஐந்தரை போட்டவள் அவள். வால் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெளிவாக இல்லையாம். அந்த அரையை எதற்குப் போட்டாள் என்று மகள் அன்றைக்கு இரவு முழுக்க அழுதிருக்கிறாள். அலுவலகத்திலும் அந்த அரைதான் பிரசித்தம். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு பொழுது முழுக்கச் சண்டை போடுவாள் என்பதால் அவளுக்கு 'அரை மார்க்கு' என்றே பேர் விழுந்துவிட்டது. அவளுக்கும் அது தெரியும். பெருமைதான்.

இருபத்து நாலு வருடமாக அவள் வேலை இதுதான். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற விண்கலங்களைத் தரையிலிருந்தே பெரிய தொலைநோக்கியில் படம் எடுப்பார்கள். நடுவில் உள்ள காற்று சும்மா இருக்காது, அசைந்துகொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் எடுத்ததில் தேறியதை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஒரே படமாக்கித் தருவார்கள். அந்தப் படம் எவ்வளவு நம்பத் தகுந்தது என்று மதிப்பெண் போடுவது அம்மாவின் பிரிவு. அழகுக்கு மதிப்பெண் கிடையாது. கலத்தின் உடம்பும் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் தெரிந்தால் நாலு. சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கிற தகடுகளின் விளிம்பு தெரிந்து, அவை நேராக இருக்கின்றனவா வளைந்திருக்கின்றனவா என்று சொல்ல முடிந்தால் ஆறு. அந்தத் தகடுகளைத்தான் அம்மா றெக்கை என்பாள். மூன்று பேர் ஒருவருக்கொருவர் கலந்து பேசாமல் போட வேண்டும். மூன்றில் நடுவில் நிற்கிற மதிப்பெண்தான் செல்லும். கண்ணில் படுவதற்கு மட்டும் போட வேண்டும், மனசில் இருப்பதற்குப் போடக்கூடாது. இதெல்லாம் மகளுக்குச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டே மனப்பாடம்.

இந்தப் படத்தில் இருப்பது மழை மேகங்களைப் பார்க்கிற ஒரு விண்கலம். ஒன்பது வருடமாக அம்மாவின் திரைக்கு வந்துகொண்டிருப்பது. அதற்கு ஒரு எண் உண்டு. அம்மா எண்ணைச் சொல்ல மாட்டாள், 'நம்ம ஆளு' என்பாள். போன வாரம் அது திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டது. றெக்கை இரண்டும் சரியாக இருந்தால், அதிலுள்ள சின்ன எஞ்சினைத் தூண்டிச் சூரியனைப் பார்க்கத் திருப்பிவிடலாம், விழித்துக்கொள்ளும். இடது பக்கத்து றெக்கை வளைந்தோ முறிந்தோ இருந்தால், அந்தத் திருப்பலில் அது பிய்த்துக்கொண்டு போகும். துண்டுகள் மற்ற கலங்களின் மேலும் மோதலாம். படத்துக்கு ஆறு வந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குத் திருப்பச் சொல்லிக் கட்டளை போகும். வராவிட்டால் அடுத்த படத்துக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பாக்கி இரண்டு பேர் பார்த்தாயிற்று, மூன்றாவது நான்தான், என் ஆளை நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று அம்மா பிடித்த பிடியில் நின்றாள். நேற்று மாலை பெரிய படமும் கணினிப் பலகையும் வந்தன. பார்த்து ஆறு போட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். இரவே ஃபோன் வந்தது, படம் தேறிவிட்டது என்று. அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை.

"எனக்கு அது நல்லாருக்கணும்னு ஆசை. அதான் விளிம்பு இருக்குற மாதிரியே இருந்துச்சு" என்றாள் அம்மா இப்போது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "தேறினதுல என் கையும் இருக்கு. பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது. ஆறு, தப்பு. நாலு. காரணம், இடது பக்கத்து றெக்கையோட விளிம்பு படத்துல இல்லை. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என் மார்க்கால அது உடையக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள குடுத்துடு. குடு, கையெழுத்துப் போடுறேன்."

மகள் பேனாவை அம்மாவின் இடது கையில் வைத்தாள். அம்மா ஊசி போடாத அந்தக் கையால் காகிதத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடியைத் துடைச்சுக் குடு முதல்ல" என்றாள். துடைக்காத கண்ணாடியோடு அவள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மகள் கண்ணாடியைக் கழற்றி, மேசைமேல் இருந்த கைக்குட்டையை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பக்கத்தைத் துடைத்தாள். பின்னால் பேனா தரையில் விழுகிற சத்தம் கேட்டது. பேனாவை எடுக்கத்தான் அவள் குனிந்தாள்.

மணி பத்தே முக்கால்.

அதற்குப் பிறகு நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், மகளை வெளியே நிறுத்தினார்கள், உள்ளே கூப்பிட்டார்கள். நாலு இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் போட்டாள். காகிதத்தையும் கண்ணாடியையும் கைப்பையில் வைத்திருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

பிரிவுத் தலைவரின் ஃபோன் எடுக்கப்படவில்லை. இந்த மாதிரிக் கட்டளை போகிற நாட்களில் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் ஃபோன் வைத்திருக்க முடியாது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அலுவலக எண்ணில் பேசியவள் சாவுச் செய்தியைக் குறித்துக்கொண்டாள், வருத்தம் சொன்னாள், மதிப்பெண் விஷயத்தை ஃபோனில் எடுத்துக்கொள்ள முடியாது என்றாள்.

ஒரு மணிக்குச் சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. வந்ததும் வராததுமாக அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "சித்தி, நாலு மணிக்கு வண்டி வந்துடும். நீங்க கூட இருந்து வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. நான் அம்மா ஆபீசுக்குப் போயிட்டு நேரா வந்துடுறேன்" என்றாள்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஆபீசுக்கா? இப்பவா?"

"ஒரு காகிதம் குடுக்கணும்."

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? பெத்தவளை இப்படிப் போட்டுட்டு ஆபீசுக்குப் போறேங்கிறியே. உங்கப்பாதான் பாதியில விட்டுட்டுப் போனாரு. நீயுமா?"

அது சுருக்கென்று தைத்தது. அப்பா போய் முப்பது வருடமாகிறது, அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. சித்தியும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா சொன்னது சித்தி. கடைசியா சொன்னது அதுதான்" என்றாள் மகள்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

மகள் யோசித்தாள். "இல்லை" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அலுவலகம் நகரத்துக்கு வெளியே இருந்தது. டாக்ஸிக்காரர் வழி தப்பி ஒரு சுற்றுச் சுற்றினார். வாசல் காவலருக்கு அவளைத் தெரியும், அம்மாவை மழை நாட்களில் கூட்டிப் போக வருவாள். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

மதிப்பிடுகிற அறையின் சுவர், மேசை, திரைச்சீலை எல்லாமே சாம்பல் நிறம். வேறு நிறம் இருந்தால் கண் ஏமாறுமாம். தடுப்பு வைத்த மூன்று மேசைகள். நடுமேசை நாற்காலியில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை கிடந்தது. வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டது என்று மகள் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த தலையணை அது.

பிரிவுத் தலைவர் எழுந்து வந்தார். கனத்த மனிதர், கண் சிவந்திருந்தது. "கட்டளை போனதும் கிளம்பி வர்றதா இருந்தேன்மா. நீ எதுக்கு இப்ப...?"

மகள் காகிதத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை படிக்க உட்கார்ந்துவிட்டார்.

"கையெழுத்து இல்லையேம்மா."

"போடுறதுக்குள்ள போயிட்டாங்க சார்."

"நான் நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? எழுத்து உன்னோடது. கடைசி நேரம், மருந்து வேற ஏறிட்டிருந்திருக்கும். அந்த மயக்கத்துல சொன்னதை..."

"நேத்து ஆறு போட்டப்பவும் அதே மருந்துதான் சார் ஏறிட்டிருந்தது. அப்ப யாரும் மயக்கம்னு சொல்லலையே."

அவர் மேசைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

"புரிஞ்சுக்கோம்மா. இன்னிக்கு விட்டா இன்னும் மூணு நாள். அதோட பேட்டரி அதுவரைக்கும் தாங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. காத்திருந்தே அதைச் சாகடிச்சாலும் சாகடிச்சுடுவோம்."

"அது உங்க முடிவு சார். நான் அதுல தலையிடல. எங்கம்மா ஆறைக் காட்டி முடிவெடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

"மார்க்கு போட்டவங்கதான் அதை மாத்த முடியும். அவங்களே எழுதி, அவங்களே கையெழுத்துப் போட்டு. அவங்க இல்லேன்னா..." அவர் நிறுத்திக்கொண்டார். "இல்லேன்னா போட்டது போட்டதுதான்."

மகள் நகரவில்லை. விடைத்தாள் கட்டுகளோடு எத்தனையோ தலைமையாசிரியர்கள் முன்னால் நின்று பழகியவள்.

"மூணு பேர்ல நடுவுல இருக்கிற மார்க்குதானே செல்லும்? அப்ப ஆறு போட்டவர் இன்னொருத்தர் இருக்கார். அவரைக் கூப்பிடுங்க."

"யார் என்ன போட்டாங்கன்னு வெளியில சொல்றதில்லைம்மா."

"நான்தான் போட்டேன்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது.

ஒல்லி. அம்மா வைத்த பேர் அது. இரண்டாவது மேசைக்காரர், பன்னிரண்டு வருடமாக அம்மாவுக்குப் பக்கத்துத் தடுப்பு. நேற்று ஆஸ்பத்திரிக்குப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அழுதுவிட்டு முகம் கழுவியிருந்தார், காதோரம் ஈரம் காயவில்லை.

"எனக்கு விளிம்பு கண்ணுல பட்டுது, போட்டேன்" என்றார். "அக்காவும் ஆறு போட்டாங்கன்னு ராத்திரி தெரிஞ்சப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இத்தனை வருஷத்துல எங்க ரெண்டு பேர் மார்க்கும் ஒத்துப்போனது நாலஞ்சு தடவைதான். மூணாவது மேசைப் பொண்ணு புதுசு, நாலு போட்டிருக்கா, பயந்துட்டுப் போட்டிருப்பா. கடைசியா அக்காவோட சேர்ந்து போட்ட மார்க்கும்மா இது. இதை மாத்தச் சொல்றியா?"

"மாத்தச் சொல்லல சார். இன்னொரு தடவை பாருங்கன்னு சொல்றேன். நான் சொல்ற மாதிரி."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகள் படத்தை ஒல்லியின் மேசைமேல் விரித்தாள். சுருள் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டது, இரு முனையிலும் புத்தகம் வைத்தாள். ஒல்லி விளக்கை ஏற்றினார். பழக்கத்தில் முதலில் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதைப் பார்த்துத்தான் கண்ணைச் சரிசெய்துகொள்வார்கள். பிறகு குனிந்தார்.

அந்த நேரத்தில் மகள் தன் இடது உள்ளங்கையைப் படத்தின்மேல் வைத்தாள். டப்பா மறைந்தது, வலது பக்கத்து ஏணி மறைந்தது. மிச்சம் இருந்தது இடது பக்கத்துச் சாம்பல் தீற்றல் மட்டும்.

"இது என்ன சார்?"

"றெக்கை."

"யாரோடது?"

"என்னம்மா கேள்வி இது? கையை எடு, சொல்றேன்."

"எடுக்க மாட்டேன். இதுல விளிம்பு எங்க இருக்கு? விரலால காட்டுங்க."

ஒல்லி விரலை நீட்டினார். விரல் படத்துக்கு மேலே வந்து நின்றது. கொஞ்சம் வலது பக்கம் போயிற்று, திரும்பி வந்தது. எங்கேயும் இறங்கவில்லை.

"நான் பரீட்சைப் பேப்பர் திருத்துறப்போ பிள்ளைங்க பேரைக் கையால மூடிட்டுத்தான் திருத்துவேன்" என்றாள் மகள். "பேரைப் பாத்துட்டா மூஞ்சி ஞாபகம் வந்துடும். மூஞ்சி ஞாபகம் வந்தா, எழுதாததெல்லாம் எழுதியிருக்குற மாதிரி இருக்கும். எங்கம்மாவுக்கு இது தெரியாது. நான் சும்மா மார்க்கை வாரி விடுறேன்னு நெனச்சுட்டே போயிட்டாங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. கை மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

ஒல்லி வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு தன் திரையைத் திறந்து, அசல் படத்தைப் பெரிதாக்கி, ஒரு கறுப்பு அட்டையால் நடுவை மறைத்துப் பார்த்தார். அட்டையை எடுத்துப் பார்த்தார். மறுபடி மறைத்தார். மகள் தன் உள்ளங்கை படத்தில் ஒட்டிக்கொண்டு வியர்ப்பதை உணர்ந்தாள். அதை எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"திருத்தப் படிவம் குடுங்க சார்" என்றார் ஒல்லி.

தலைவர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒல்லி எழுதினார். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலரையா? அரை எதுக்குய்யா?" என்றார்.

"வலது பக்கம் சுத்தமா வந்திருக்கே சார். நாலுன்னு போட்டா அது அநியாயம்."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு நேரே போகிற ஃபோனை எடுத்தார். "அஞ்சு மணிக் கட்டளை வேண்டாம். படம் தேறல. ஆமா, நேத்து தேறிச்சு, இன்னிக்குத் தேறல" என்றார். அந்தப் பக்கத்தில் யாரோ கத்துவது மகளுக்கே கேட்டது. அவர் ஃபோனைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தி முடிக்கிறவரை பொறுத்திருந்து, "படம் தேறல" என்று மறுபடி சொன்னார்.

மணி நாலே கால். மகள் இப்போதுதான் கையை எடுத்தாள்.

தலைவர் திரையில் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினார். மூன்று பேருக்கு மூன்று கட்டம். நாலு, நாலரை, ஆறு. மாறாமல் நின்ற அந்த ஆறு அம்மாவினுடையது.

"கலம் இன்னிக்குத் தப்பிச்சுது. ஆனா அம்மாவோட ஆறு அப்படியேதான்மா இருக்கும். அதை இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மகள் அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வருடத்தில் அம்மா போட்ட ஒரே கருணை மதிப்பெண் அவள் பேரிலேயே நிற்கப்போகிறது. கீழே ஒரு குறிப்பாவது போடுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அம்மாவாக இருந்தால் கேட்டிருப்பாளா என்று நினைத்துப் பார்த்து, கேட்காமல் விட்டாள்.

"இருக்கட்டும் சார். அவங்க போட்டதுதானே."

கையெழுத்தில்லாத காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தலையணையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஒல்லி அதைத் தட்டிக் கொடுத்தார். "அக்கா என்னையும் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். என்னையும் சொல்லல."

"அவங்க அப்படித்தான்" என்றார் ஒல்லி.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி ஆகிவிட்டது. கூடத்து நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளி, நடுவில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எடுப்பதாகச் சித்தி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"காகிதத்தை வாங்கிக்கல. ஆனா வேலை நடந்துடுச்சு சித்தி."

சித்திக்கு அது புரிந்ததா தெரியவில்லை. மகளின் கையிலிருந்த தலையணையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள். மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சித்தி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கையில் திணித்து, குடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். கோபம் போய்விட்டது என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "தூங்குற மாதிரியே இருக்கா, இல்ல?" என்றாள் சித்தி.

வந்தவர்கள் ஒவ்வொருவராக ஆமாம் என்றார்கள். மகள் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தாள்.

"தூங்குற மாதிரி இல்ல சித்தி" என்றாள். "வாய் கொஞ்சம் கோணியிருக்கு. மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணாடித் தடம் இருக்கு."

சித்தியும் குனிந்து பார்த்தாள். "ஆமாடி. அதான் மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கு. கண்ணாடி எங்க?"

மகள் பையைத் திறந்து எடுத்தாள். காலையில் ஒரு பக்கத்தைத்தான் துடைத்திருந்தாள். அது பளிச்சென்றிருந்தது. இன்னொரு பக்கத்தில், ஓரமாக, அம்மாவின் கட்டைவிரல் ரேகை முழுசாக இருந்தது.

"குடு, துடைச்சுப் போட்டு விடுறேன்" என்று சித்தி கைக்குட்டையை எடுத்தாள்.

"துடைக்காதீங்க சித்தி."

இரு காம்புகளையும் விரித்து, காது மடலில் முடி சிக்காமல் ஒதுக்கி, அவளே மெல்லப் போட்டு விட்டாள். கண்ணாடி இறங்கி அந்தத் தடத்தில் சரியாக உட்கார்ந்தது.